சும்மா கிடக்கும் இரண்டு சேனல்

"நீங்க சொன்னா சரிதான் தம்பி." அவ்வளவுதான் அவர் சொன்னது. சென்னை ஜி.பி. ரோட்டில் ஏழு வருஷமாக வண்டிகளுக்கு ஆடியோ வேலை செய்கிறேன், இதைச் சொல்லாத கஸ்டமர் குறைவு. ஆனால் இவர் சொன்னது மட்டும் ஒன்றரை வருஷமாக மனசை விட்டுப் போகவில்லை.

அவர் கேட்டு வந்தது பேஸ் டியூப், அதாவது பாட்டின் கீழ்ஸ்தாயியை (பேஸ்) எழுப்புகிற உருளை வடிவ ஸ்பீக்கர். டீசல் எட்டியோஸ் கார், மஞ்சள் போர்டு டாக்ஸி. கூட ஓட்டுகிற ஒருத்தர் வண்டியில் கேட்டிருக்கிறார், அதே மாதிரி வேண்டும், கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். ஏர்போர்ட் டிரிப் எடுக்கிறவர், டிக்கியில் டியூப்பை வைத்துவிட்டு பெட்டிகளை எங்கே அடுக்குவார் என்று கேட்டேன். டியூப் அட்டையில் 1,200 வாட்ஸ் என்று போட்டிருப்பதை நம்பாதீங்க அண்ணா, ஃப்யூஸைப் பாருங்க, 15 ஆம்பியர், வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் வருவது 14 வோல்ட், பெருக்கினால் 210 வாட்தான் உள்ளேயே போகிறது, அதற்கு மேல் எப்படி வெளியே வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டினார். வண்டியோடு வந்த கம்பெனி செட்டு அப்படியே இருக்கட்டும், முன் கதவு இரண்டுக்கும் நல்ல கம்போனென்ட் ஸ்பீக்கர் (கீழ்ஸ்தாயிக்கும் மேல்ஸ்தாயிக்கும் தனித்தனி), நாலு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகச் சக்தி தரும் ஒரு நாலு சேனல் ஆம்ப், கதவுத் தகடு அதிராமல் இருக்க டேம்பிங் என்றேன். நாலு சேனல் எதற்கென்றால் பின் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, அதாவது பிரிட்ஜ் பண்ணி, அப்புறம் பேஸுக்கென்றே ஒரு சின்ன வூஃபர் போட்டுக்கொள்ளலாம். அப்போதுதான் அந்த வரியைச் சொன்னார்.

இதில் எதுவும் பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கம்பெனி செட்டில் 50 வாட் என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு, தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட் அளவுதான். சத்தத்தை மூன்று டெசிபல் ஏற்ற வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்கு ஆக வேண்டும். அந்த செட்டில் வால்யூமைத் திருகிக்கொண்டே போனால் அலை வெட்டுப்படும், குரல் கீறும், மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும். பன்னிரண்டு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவருக்கு காது வலிக்காத தெளிவான சத்தம் வேண்டாமா?

வேலையும் குறை வைக்காமல் செய்தேன். டோர் பேடைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, பழைய கறுப்புப் பசையை டீசல் துணியால் துடைத்து, கதவுத் தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளையெல்லாம் பியூட்டைல் ஷீட்டால் (ஒட்டுகிற ரப்பர் தாள்) மூடி, மூலை மூலையாக ரோலர் போட்டு அழுத்தினேன். அந்த ஓட்டைகள் திறந்திருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று முன்னால் வந்து பேஸைத் தின்றுவிடும். இதை அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன், கதவை விரலால் தட்டச் சொன்னேன். முதலில் டங் என்றது, ஷீட் ஒட்டியதும் டப் என்றது. அவர் சிரித்தார். பவர் வயர் இடது பக்கம், சிக்னல் வலது பக்கம், எர்த்துக்கு பெயிண்ட்டைச் சுரண்டி போல்ட், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃப்யூஸ். எல்லாம் ஒழுங்கு.

முடித்ததும் பாட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முழுப் பாட்டும். "நல்லாதான் இருக்கு" என்றார். அந்த "தான்" எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: "என்ன அண்ணா, ஏதாவது குறையுதா?" கேட்கவில்லை. அடுத்த வண்டி வெளியே நின்றுகொண்டிருந்தது, பில் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். டிக்கி தகடு அதிருது, பார்த்துக் கொடுங்க என்று. திறந்தால் ஓரமாக பேஸ் டியூப், பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. வேறு எங்கேயோ போட்டிருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு." பெட்டி எங்கே வைக்கிறீங்க என்று கேட்டேன். "ரெண்டு பெட்டின்னா அட்ஜஸ்ட் ஆகுது, மூணுன்னா முன் சீட்டுல ஒண்ணு." என் மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அதிர்வு எங்கே என்று பார்க்க அவரோடு மவுண்ட் ரோட்டில் ஒரு சுற்று போனேன். அதுவரை அந்த வண்டியை ஓடும்போது நான் கேட்டதே இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஷட்டருக்குள் வைத்துத்தான் டியூன் செய்திருந்தேன். டீசல் இன்ஜின், டயர், ரோடு மூன்றும் சேர்ந்து எழுப்புகிற சத்தம் பெரும்பாலும் கீழ்ஸ்தாயிதான், பாட்டில் அது முதலில் விழுங்குவதும் பேஸைத்தான். கடைக்குள் எனக்குப் போதுமாக இருந்த பேஸ் ரோட்டில் அவருக்கு இல்லவே இல்லை. போதாததற்கு ஆம்பில் கீழ்ஸ்தாயியை வெட்டுகிற ஃபில்டரை வழக்கம்போல 80 ஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும், 12 டெசிபல் வெட்டும், 40 ஹெர்ட்ஸுக்கு வரும்போது சக்தி பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வூஃபர் இருக்கிற வண்டிக்கு அது சரி. அவர் வண்டியில் வூஃபர் இல்லையே. ஸ்பீக்கரைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்தேன், ஹெர்ட்ஸ் பாதியானால் அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு அசைய வேண்டும், ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் தாங்காது. ஆனாலும் 60-க்கு இறக்கியிருக்கலாம். கை தானாக 80-க்குப் போய்விட்டது.

இதுவரை எழுதியது தொழில் தப்பு, அதைத் திருத்திக்கொள்ளலாம். உறுத்துவது வேறு. அவர் வந்த அன்று காலையில் முதலாளி என்னிடம், "அந்த கம்போனென்ட் ரெண்டு செட்டு ரொம்ப நாளா கிடக்கு, இந்த மாசம் தள்ளிடு" என்றார். அதில் எனக்குக் கமிஷன் கிடையாது. ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர். முதலாளி சொல்லாவிட்டாலும் அதைத்தான் சிபாரிசு செய்திருப்பேன் என்று ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி நாள் நம்புகிறேன். மீதி நாள் அவர் "பேஸ் டியூப்" என்று வாயைத் திறந்ததுமே நான் எவ்வளவு வேகமாக "வேண்டாம்" என்றேன் என்பது ஞாபகம் வருகிறது. ஃப்யூஸ் கணக்கையெல்லாம் அதற்கு அப்புறம்தான் சொன்னேன்.

கஸ்டமர் கேட்பதையே மாட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நாம் எதற்கு என்று பக்கத்துக் கடைப் பையன் கேட்டான். அதுவும் நியாயம்தான். போன மாதம் ஒருத்தர் சின்ன வண்டிக்கு 12 இஞ்ச் வூஃபர் இரண்டு கேட்டார், வேண்டாம் என்று சண்டை போடாத குறையாகச் சொன்னேன். அவருக்கும் ஒரு சுற்று ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேனா என்றால், இல்லை. சனிக்கிழமை, வாசலில் ஆறு வண்டி.

அன்று டிக்கி அதிர்வை நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டி நிறுத்தினேன். காசு வாங்கவில்லை. ஆம்பைத் திறந்து ஃபில்டர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன், டியூப் இருப்பதால் இப்போது 80 சரிதான். பின் இரண்டு சேனலிலும் எதுவும் இல்லை, டெர்மினல் திருகுகள் புதுசாக மின்னிக்கொண்டிருந்தன. அதற்கும் சேர்த்துத்தான் அவரிடம் காசு வாங்கியிருந்தேன். இந்த ஆம்பிலேயே ஒரு சின்ன வூஃபர் ஓட்டலாம் அண்ணா, இவ்வளவு இடம் அடைக்காது, சீட்டுக்கு அடியிலேயே போய்விடும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதையும் எங்கள் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். சொல்லாமல் டிக்கியை மூடினேன்.