காய்ச்சலைக் கிளப்புவது யார்?

1892ஆம் ஆண்டு பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா கிருமிகளைச் சூடேற்றிக் கொன்று, செத்த கிருமிகளைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கிருமி பெருகுவதற்கு வழியே இல்லை. ஆயினும் விலங்குகள் இறந்தன. கிருமியின் உடலோடு ஒட்டியிருக்கும், வெப்பத்தால் அழியாத ஏதோ ஒரு நஞ்சுதான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். காலரா கிருமி உள்ளிட்ட கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் அடுக்கி நிற்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற, கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த மூலக்கூறே அந்த நஞ்சு என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆனால் டெட்டனஸ் நஞ்சு நரம்பில் புகுந்து ஒரு புரதத்தை வெட்டுவதைப் போலவோ, டிஃப்தீரியா நஞ்சு செல்லின் புரத உற்பத்தியை நிறுத்துவதைப் போலவோ இது எதையும் செய்வதில்லை. எதையும் சிதைக்காத ஒரு பொருள் உயிரை எப்படி எடுக்கிறது என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது.

விடைக்கான திறவுகோல் ஓர் எலியிடம் இருந்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்ந்த சி3எச்/எச்இஜே என்ற எலி வகைக்கு, பிற எலிகளைக் கொல்லும் அளவில் லிப்போபாலிசாக்கரைடைச் செலுத்தினாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது 1960களிலேயே கவனிக்கப்பட்டது. அதே எலிக்கு உயிருள்ள சால்மோனெல்லா கிருமியைச் சிறிதளவு கொடுத்தால் போதும், மற்ற எலிகளைவிட விரைவில் இறந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த எலி நஞ்சை வென்ற எலி அன்று, கிருமி வந்திருப்பதே தெரியாத எலி என்பது புரியும். டல்லாஸ் நகரில் புரூஸ் பாய்ட்லரின் குழு இந்தக் குறைக்குக் காரணமான மரபணுவைப் பல ஆண்டுகள் தேடி, 1998இல் கண்டுபிடித்தது. டி.எல்.ஆர்.4 (டோல் போன்ற ஏற்பி 4) என்ற ஏற்பியில், அதாவது செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியிலுள்ள மூலக்கூறுகளை உணரும் புரதத்தில், 712ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தது. அமினோ அமிலம் ஒன்று மாறியதில் ஓர் எலி வகையே செவிடாகிவிட்டது.

அந்த ஏற்பிக் குடும்பத்தின் முதல் உறுப்பினர், பழ ஈயின் முட்டைக்குள் முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் எவ்வாறு பிரிகின்றன என்ற ஆராய்ச்சியில் கிடைத்த டோல் மரபணு. 1996இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புரூனோ லெமேத்ரும் உடன் பணியாற்றியவர்களும், டோல் வேலை செய்யாத ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கினர்; இறந்த ஈயின் உடலெங்கும் பூஞ்சை இழைகள் முடி முளைத்தாற்போல் அடர்ந்திருந்த படம் இன்றும் பாடநூல்களில் வருகிறது. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் இந்தக் கதையின் மூளை என்று நான் கருதுவது யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வேயை. எந்த ஏற்பியும் கையில் இல்லாத 1989இலேயே, நுண்ணுயிர்களிடம் பரவலாக இருந்து நம்மிடம் இல்லாத மூலக்கூறுகளை அறியும் ஏற்பிகள், பரம்பரையாக மாறாமல் வரும் மரபணுக்களிலிருந்து உருவாகி இருந்தே தீர வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். பரிசு அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

ஏற்பி பற்றும் விதத்தைச் சற்று அருகில் பார்க்கலாம். லிப்போபாலிசாக்கரைடின் வேர்ப்பகுதியில் பெரும்பாலும் ஆறு கொழுப்பமில வால்கள் உள்ளன. டி.எல்.ஆர்.4 உடன் ஒட்டியிருக்கும் எம்.டி.-2 என்ற சிறு புரதத்தின் குழிக்குள் ஐந்து வால்கள் புதைந்துகொள்ள, இடமில்லாமல் வெளியே நிற்கும் ஆறாவது வால் பக்கத்திலுள்ள இன்னொரு டி.எல்.ஆர்.4 ஏற்பியை இழுத்துப் பிணைக்கிறது. இரண்டு ஏற்பிகள் இணைந்தவுடன் செல்லின் உட்புறத்தில் மைடி88 என்ற புரதம் வந்து அமர, ஐராக்4 உள்ளிட்ட நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, என்.எஃப்.கப்பா-பி என்ற புரதத்தைக் கட்டிவைத்திருந்த தடையை அழிக்கின்றன. விடுபட்ட அந்தப் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய, செல்களுக்கிடையே அழற்சிச் செய்தியைக் கொண்டுசெல்லும் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. முள் குத்திய விரலில் நாம் காணும் சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் இவற்றின் விளைவே: நுண்ணாளங்கள் விரிகின்றன, அவற்றின் சுவர்ச் செல்களுக்கிடையே இடைவெளி திறந்து நீர் கசிகிறது, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டி உருண்டு வெளியேறித் திசுவுக்குள் நுழைகின்றன. அதே செய்தி உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதாலமசுக்கு எட்டும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து உடல் வெப்பம் ஏறுகிறது. பாராசிட்டமால் குறுக்கிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். ஆகவே கினிப் பன்றிகளைக் கொன்றது கிருமியின் பொருளன்று, அதை உணர்ந்த உடல் அளவு மீறி ஆற்றிய எதிர்வினை. கிருமியோடு போர், படைவீரர்கள் என்று எழுதும் வழக்கம் எனக்கு உவப்பில்லாததற்கும் இதுவே காரணம். ஏற்பிக்குப் பகைவன் யாரென்று தெரியாது, ஆறு வாலுள்ள கொழுப்பு மட்டுமே தெரியும்.

அதைக் கிருமிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. பிளேக் கிருமி, தெள்ளுப்பூச்சியின் உடலில் குளிர்ந்த நிலையில் இருக்கையில் ஆறு வால் கொண்ட மூலக்கூறையும் செய்கிறது. மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாலோடு நிறுத்திக்கொள்வதால் டி.எல்.ஆர்.4 அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த வெப்பத்திலும் ஆறு வால் செய்யுமாறு மாற்றப்பட்ட பிளேக் கிருமியால் எலிகளைக் கொல்ல முடியவில்லை என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. டைஃபாய்டு கிருமியோ விஐ என்ற சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டு தன் லிப்போபாலிசாக்கரைடை மறைக்கிறது.

டி.எல்.ஆர்.4ஐ அடைத்துவிட்டால், தொற்றுக்கு உடல் அளவு மீறி எதிர்வினையாற்றி உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. எம்.டி.-2 குழிக்குள் முழுதாகப் புதைந்து, ஏற்பிகளை இணைய விடாமல் தடுக்கும் எரிட்டோரன் என்ற மருந்து உருவானது. ஆனால் ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில் அது இறப்பைக் குறைக்கவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவை அடைவதற்குள் அடுத்தடுத்த படிகள் அனைத்தும் நடந்தேறியிருக்கும் என்பதால், முதல் கதவைச் சாத்துவதில் பெரிய பயன் இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கதவு பிறவியிலேயே திறக்காத மனிதர்களும் இருக்கிறார்கள். ஐராக்4 குறைபாடு 2003இலும் மைடி88 குறைபாடு 2008இலும் குழந்தைகளிடம் விவரிக்கப்பட்டன. வைரஸ்களையும் பூஞ்சைகளையும் பெரும்பாலும் சமாளித்துவிடும் இக்குழந்தைகள் நியூமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்களிடம் மட்டும் மீண்டும் மீண்டும் சிக்குகிறார்கள். பதின்ம வயதை எட்டியவர்களுக்கு, பிற தற்காப்புகள் வலுப்பெறுவதால் போலும், தொற்றுகள் குறைந்துவிடுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளே ஆபத்தானவை. இரத்தத்தில் கிருமி பரவிய நிலையிலும் காய்ச்சல் லேசாகவே இருக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை அளவும் தொடக்கத்தில் உயராமல் ஏமாற்றும். எனவே இக்குழந்தைகள் சற்றுச் சோர்ந்தாலே, காய்ச்சலுக்குக் காத்திராமல், ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்கிவிடுவது நடைமுறை.