துக்கத்தில் இருப்பவருக்குப் புத்தகம் கொடுக்கும்முன்

இழப்புக்குப் பிந்தைய முதல் வாரங்களில் பலருக்கும் கவனம் ஒரு பக்கத்துக்கு மேல் நிற்காது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். அப்போது தடிமனான நாவல் வேண்டாம். மனைவியை இழந்தபின் ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் எழுதிய குறிப்புகள் 1961இல் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்ற பெயரில், புனைபெயரில் வந்தன. மெல்லிய நூல், நான்கே பகுதிகள். கடவுள்மேல் வந்த கோபத்தைக்கூட அவர் மறைக்கவில்லை. இனிப்பான ஆறுதல் வார்த்தைகளைவிட இந்த நேர்மைதான் தாங்கும்.

கணவரை இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியனின் 'த இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்' (2005) நூலைச் சில மாதம் கழித்துக் கொடுங்கள். கணவர் திரும்பி வந்தால் வேண்டுமே என்று அவருடைய காலணிகளைக் கொடுக்க முடியாமல் நிற்கும் மனம் அதில் இருக்கிறது. 'எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ' என்று பயப்படுகிறவருக்கு அந்தப் பக்கங்கள் பெரிய துணை.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸின் ஐந்து நிலைகளை (1969) — மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு — தயவுசெய்து அட்டவணைபோல நீட்டாதீர்கள். சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசி எழுதியவை அவை. துக்கம் அந்த வரிசையில் நடப்பதில்லை. 'எனக்கு இன்னும் மனம் ஏற்கவில்லையே' என்ற குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

படம் என்றால், அதில் யார், எப்படி இறக்கிறார்கள் என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். 'மான்செஸ்டர் பை த சீ' (2016) அருமையான படம்தான். ஆனால் தீ விபத்தில் குழந்தைகள் இறக்கிறார்கள். பிள்ளையை இழந்தவர் முன்னால் சொல்லாமல் போடவே கூடாது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) வேறு வகை: நாயகன் இறந்தபிறகும் படம் நெடுநேரம் நீள்கிறது, கூடியிருப்பவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இறந்தவரைப் பற்றிப் பேச ஏங்குகிறவர்களுக்கு அது ஒரு திறப்பு.

இரவில் வேண்டாம், பகலில் பாருங்கள். ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும்.