ஏன் தூக்கிப் போட்டான்?

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்தான். மொத்தம் 23 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஜன்னல்களைப் பழைய போர்வையால் மூடிவிட்டுச் சுவரில் படம் போடுவேன். எல்லாமே மூன்று, நான்கு நிமிட அனிமேஷன் படங்கள். மீதி நேரம் முழுக்கப் பேச்சு.

"யாரையும் கேலி பண்ணக் கூடாது" என்று நான் சொல்லும்போதெல்லாம் "சரிங்க டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வரும். மணி அடித்ததும் பட்டப்பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். அந்த "சரிங்க டீச்சர்" கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துதான் படத்துக்கு வந்தேன்.

முதலில் போட்டது பிக்சாரின் 'ஃபார் தி பேர்ட்ஸ்'. ரால்ஃப் எகிள்ஸ்டன் 2000இல் எடுத்து ஆஸ்கர் வாங்கிய படம். வசனமே கிடையாது. கம்பியில் குட்டிக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு நெட்டைக் கழுத்துப் பறவை ஆசையாகச் சிறகை ஆட்டும். குருவிகள் அதற்குப் பழிப்புக் காட்டும். அது விடாமல் வந்து நடுவில் உட்கார, கம்பி தொய்ந்துவிடும். தலைகீழாகத் தொங்கும் அதன் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுப்பார்கள். கடைசி விரலில் நிறுத்தினேன்.

"இப்ப என்ன ஆகும்?"

"கம்பி தெறிக்கும் டீச்சர்! உண்டிவில் மாதிரி!"

எனக்கு வேண்டியது அதற்கும் முந்தைய இடம். பழிப்புக் காட்டும் காட்சிக்குத் திரும்பப் போய், அந்தப் பெரிய பறவையின் மூஞ்சியில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். "சோகம்" என்றார்கள். "தாத்தா செத்தப்ப வந்துச்சே, அந்தச் சோகமா?" என்றேன். இல்லையாம். "அது ஒரு மாதிரி டீச்சர்."

இந்த 'ஒரு மாதிரி'யில்தான் நாங்கள் பல வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளிடம் இருந்தவை சந்தோஷம், சோகம், கோபம், பயம் என்ற நான்கு சொற்கள்தான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகையும் இளிவரலும் அவருக்கு வேறு வேறு. மனசில் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவதால்தான் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். அனிமேஷன் வரைகிறவர் செய்வதும் இதுதானே! வசனம் இல்லாதபோது புருவம், கழுத்து, தோள் எல்லாம்தான் பேச வேண்டும். இளிவரல் என்று கரும்பலகையில் எழுதி, நாலு பேர் முன்னால் சிறுத்துப் போகிற உணர்ச்சி என்று விளக்கினேன். "அசிங்கமாப் போச்சுன்னு சொல்வோமே, அதுவா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. அதுவேதான். அதையும் பக்கத்தில் எழுதினேன்.

அடுத்து நான் செய்தது தவறு. 'தி பிரசென்ட்' படத்தை யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஜெர்மனியில் ஜேக்கப் ஃப்ரே பட்டப்படிப்புக்காக எடுத்தது, 2014இல் வந்தது, நான்கு நிமிடம். வீடியோ கேமில் மூழ்கிக் கிடக்கும் பையனுக்கு அம்மா ஒரு பெட்டி தருகிறாள். உள்ளே நாய்க்குட்டி. கொஞ்சப் போனவன், அதற்கு ஒரு முன்னங்கால் இல்லை என்று பார்த்ததும் தூக்கிப் போடுகிறான். குட்டி அசரவில்லை. விழுந்து விழுந்து எழுந்து சிவப்புப் பந்தோடு விளையாடுகிறது. கடைசியில் அவன் எழுந்திருக்கும்போதுதான் தெரியும், ஊன்றுகோல் இல்லாமல் அவனால் நடக்க முடியாது, அவனுக்கும் ஒரு கால் இல்லை என்று.

அந்தக் காட்சியில் அத்தனை தலைகளும் சுவரை விட்டுவிட்டு ஒரே பக்கம் திரும்பின. என் வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பியிருக்கும். அவன் பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இளிவரல் என்று நான் எழுதிக் காட்டியது அப்போது என் கண்ணெதிரே இருந்தது. அதை அவனுக்குக் கொடுத்தவள் நான். முதல் நாளே அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டி, போடலாமா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது எந்தப் படத்தையும் முதலில் வகுப்பை மனதில் வைத்து, ஒவ்வொரு முகமாக நினைத்துத்தான் பார்க்கிறேன்.

பள்ளி விட்டதும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்றான். என் போனில் பார்த்தோம். தூக்கிப் போடும் இடம் வந்ததும் விரலால் தட்டி நிறுத்தினான்.

"காலு இல்லன்னு புடிக்காமப் போடல டீச்சர். தன்னையே பாத்த மாதிரி இருந்திருக்கும்."

எத்தனையோ தடவை பார்த்த படம். எனக்கு இது தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே படத்தை மறுபடி போடச் சொன்னது அவன்தான். "அந்த எடத்துல நிறுத்துங்க. நான் கேக்குறேன்." போர்வைகளை மாட்டினோம். பெட்டி திறந்தது, குட்டி வெளியே வந்தது. நிறுத்தினேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படத்தின் வெளிச்சம் சட்டையில் விழ நின்று, எல்லாரையும் பார்த்துக் கேட்டான்:

"ஏன் தூக்கிப் போட்டான்? சொல்லுங்க."