வொல்ஃப்ஸ்பூர்கில் ஒரு நாள்: அண்ணனைப் பார்க்கப் போன கதை

பெர்லினில் ஐசிஇ ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வொல்ஃப்ஸ்பூர்க். ரயில் வேகம் குறையும்போதே ஜன்னலில் ஒரு கால்வாய் தெரியும், அதற்கு அந்தக் கரையில் செங்கல் சுவரோடு நீண்டுகொண்டே போகும் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை, அதன் ஓரத்தில் மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகள். படத்தில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான், ஆனாலும் நேரில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

நான் எட்டு வருடம் ஃபோக்ஸ்வாகன் போலோ ஓட்டியவன். புனே பக்கத்தில் சாக்கனில் தயாரான வண்டி. அந்த வண்டி மேல் வந்த பிரியத்தில்தான் அதன் அண்ணனான கோல்ஃப் காரைப் பற்றி படிக்க ஆரம்பித்தேன். நம் தெருக்களில் அதைப் பார்ப்பதே அபூர்வம். சரி, பிறந்த ஊரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தப் பயணம்.

இந்த ஊரே காருக்காக உண்டானது. 1938-ல் நாஜி அரசு கட்டியபோது ஊரின் பேரிலேயே கார் இருந்தது. வொல்ஃப்ஸ்பூர்க் என்ற பேர் 1945-ல்தான் வந்தது. போர்க்காலத்தில் இந்தத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் அதையும் நினைக்க வேண்டும்.

காலையில் ஆட்டோஸ்டாட். ஃபோக்ஸ்வாகன் 2000-ல் திறந்த கார் பூங்கா. புதுக் கார்களை அடுக்கி வைத்திருக்கும் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 48 மீட்டர் உயரம், ஒவ்வொன்றிலும் 400 கார்கள். கார் வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வந்து சாவி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் என் மனசு முழுக்க டீசல்ஷ்ட்ராஸே தெருவில் இருக்கும் பழைய அருங்காட்சியகத்தில் இருந்ததால் இங்கே ரொம்ப நேரம் நிற்கவில்லை.

மதியம் ஒரு கறிவுர்ஸ்ட். ஃபோக்ஸ்வாகன் தன் தொழிற்சாலையிலேயே 1973 முதல் இந்தச் சாசேஜைத் தயாரிக்கிறது, அதற்கு உதிரிபாக எண்கூட உண்டு: 199 398 500 ஏ. கார்களைவிடச் சாசேஜ் அதிகம் விற்ற வருடங்களும் இருந்திருக்கின்றன. கெட்சப்போடு நன்றாகவே இருந்தது.

அப்புறம் டீசல்ஷ்ட்ராஸே. 1985-ல் திறந்த அருங்காட்சியகம், ஆடம்பரம் எதுவும் இல்லை, கார்களை நெருக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் தலைமுறை கோல்ஃப் முன்னால் போய் நின்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவ்வளவு சின்னதா! நீளம் 3.7 மீட்டர். என் போலோ 3.97. அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில் தம்பிதான் பெரியவனாக இருக்கிறான். அகலத்திலும் போலோ ஏழு சென்டிமீட்டர் கூடுதல்.

இந்தச் சின்ன வண்டிதான் ஒரு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஃபோக்ஸ்வாகனின் பழைய காரான பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால், அதைக் குளிர்விப்பது காற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அதற்கு மவுசு குறைந்துகொண்டே வந்தது, 1974-ல் நிறுவனத்துக்கு 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். பீட்டிலுக்கு மாற்றாகப் பின்சீட்டுக்கு அடியில் எஞ்சினை வைத்து போர்ஷே உருவாக்கிக் கொடுத்த ஒரு காரை 1971-லேயே கைவிட்டிருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்கள்: எஞ்சின் முன்னால், அதுவும் குறுக்குவாட்டில், தண்ணீரில் குளிர்வது, முன்சக்கரம் இழுப்பது. எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்தால் மூக்கு குட்டையாகிவிடும், மிச்ச நீளம் முழுக்க மனிதர்களுக்கும் சாமானுக்கும். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜியுஜாரோ. காகிதத்தை மடித்தது போன்ற நேர்கோடுகள், பின்கதவுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு தடித்த தூண். இன்றுவரை எந்தத் தலைமுறையிலும் அந்தத் தூணை விடவில்லை, தூரத்திலிருந்து கோல்ஃபை அடையாளம் காட்டுவது அதுதான்.

1976-ல் வந்த ஜிடிஐ, அதாவது கோல்ஃபின் வேகமான வடிவம், அதன் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றேன். சில பொறியாளர்கள் ஆர்வத்தில், ஆரம்பத்தில் ரகசியமாகவே, செய்து பார்த்த வண்டி அது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோ சொச்சம். மொத்தமே 5,000 விற்றால் போதும் என்று நினைத்தார்கள், முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்தைத் தாண்டியது. கட்டம் போட்ட சீட் துணியும் கோல்ஃப் பந்து போன்ற கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் கட்டத் துணி இன்னும் ஜிடிஐயின் அடையாளம்.

1983-ல் இரண்டாம் தலைமுறை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அழகு இதுதான். நாலு மீட்டரை நெருங்கிவிட்டது, மூலைகள் கொஞ்சம் உருண்டன, கதவு மூடும் சத்தத்திலேயே கனம் தெரியும். 63 லட்சம் வண்டிகள் செய்தார்கள். 1991-ல் மூன்றாவது, காற்றுப்பைகளும் டிடிஐ டீசலும் வந்த காலம், ஆனால் உருவம் என் மனதில் ஒட்டவில்லை. 1997-ன் நான்காவதில் உடல் முழுக்கத் துத்தநாகம் பூசிய தகடு, உள்ளே தொட்டதெல்லாம் உசத்தி, சின்னக் காருக்குள்ளும் பெரிய காரின் தரம் இருக்கலாம் என்று காட்டிய வண்டி. அது ஓடிக்கொண்டிருந்த 2002-ல்தான் கோல்ஃப் எண்ணிக்கை பீட்டிலைத் தாண்டியது. அடுத்த வருடம் ஐந்தாவது வந்தபோது சில வாரங்களுக்கு ஊர்ப்பேரையே கோல்ஃப்ஸ்பூர்க் என்று மாற்றி வைத்தார்களாம், அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது.

பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளம், கொஞ்சம் எடை கூடியது. மோதலைத் தாங்கும் உடல், காற்றுப்பை, ஏசி, சத்தம் வராமல் இருக்க அட்டைகள், எல்லாம் சேர்ந்தால் கனம் கூடத்தானே செய்யும். 2012-ன் ஏழாவதில் மட்டும் பொறியாளர்கள் பிடிவாதமாக 100 கிலோ வரை குறைத்தார்கள், அதற்காகவே அந்தத் தலைமுறை மேல் எனக்குத் தனி மரியாதை. 2019-ல் வந்த எட்டாவது 4.28 மீட்டர். அதில் பட்டன்களை எடுத்துவிட்டுத் தடவும் பட்டைகளை வைத்தார்கள், சத்தத்தைக் கூட்டக் குறைக்கும் பட்டைக்கு அப்போது இரவில் வெளிச்சம்கூட இருக்கவில்லை. ஓட்டுகிறவனின் கண் சாலையில் இருக்க வேண்டும், விரல் தானாகப் பட்டனைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் கோல்ஃபிலேயே இருந்த விஷயம் இது. 2024-ல் ஸ்டியரிங்கில் மறுபடி பட்டன் வைத்ததைப் படித்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

வெளியே வந்தால் வாசலில் ஒரு சிவப்பு இரண்டாம் தலைமுறை கோல்ஃப், நம்பர் பிளேட் கடைசியில் பழைய வண்டிகளுக்குத் தரும் எச் எழுத்து. நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு அதன் சொந்தக்காரர், எழுபது வயதிருக்கும், கதவைத் திறந்து "உட்காருங்கள்" என்றார். புதிதாக வாங்கியது, மூன்று பிள்ளைகளும் இதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள் என்றார். உட்கார்ந்தேன். மெல்லிய ஸ்டியரிங், நாலு பக்கமும் கண்ணாடி வழியாக ஊரே தெரிகிறது. இறங்கிக் கதவைச் சாத்தினேன், அந்தச் சத்தம் கேட்டது. இன்னொரு முறை சாத்திப் பார்க்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டாம் முறையும் சாத்திவிட்டு அந்தத் தடித்த தூண் மேல் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன். வெயிலில் சூடாக இருந்தது.