இசுமோவும் ஜூனோவும்
வெள்ளவத்தையில் அக்காவின் மகளுக்கு உயர்தர உயிரியல் சொல்லிக்கொடுக்கும்போது, "சித்தி, முட்டையை விந்து எப்படி அடையாளம் பிடிக்கும்?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி!

விந்தின் மேற்பரப்பில் இசுமோ என்றொரு புரதம் இருக்கிறது. 2005இல் ஜப்பானில் கண்டுபிடித்து, கலியாணம் கூட வேண்டுமென்று சனம் போய்க் கும்பிடும் கோயிலின் பெயரையே வைத்தார்கள். அது முட்டையில் எதைப் பிடிக்கிறது என்று தெரிய 2014 ஆகிவிட்டது. அதுதான் ஜூனோ என்ற புரதம், ரோமர்களின் கலியாணத் தெய்வத்தின் பெயர். ஜூனோ இல்லாத பெண் எலிக்குக் குட்டியே பிறக்காது.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு உயிர். ஒரு விந்து சேர்ந்து முக்கால் மணித்தியாலம் ஆகமுன், முட்டை தன் மேலிருக்கும் ஜூனோவையெல்லாம் உதிர்த்துவிடும், பிறகு வருகிற விந்துக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. கொப்பியில் அவள் பென்சிலால் வைத்த புள்ளிகளை அழிறப்பரால் ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன்.