அகத்திக்குப் போன இரண்டு பெட்டிகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஃபிரிட்ஜ், ஏசி, ஐஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். போன பிப்ரவரியில் லட்சத்தீவின் அகத்தித் தீவிலிருந்து, நான் இக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் வாடிக்கையாளர் போன் செய்தார். நான் பூட்டிக் கொடுத்த ஐஸ் மெஷின் நின்றுவிட்டது. சூரை மீன் பாடு நன்றாக இருக்கும் நேரம். ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த மீன் கெட்டுப்போகும்.

வீடியோவில் பார்த்தேன். கண்ட்ரோல் போர்டு கருகியிருந்தது. ஃபேன் மோட்டாரிலும் இரைச்சல். கொச்சியிலிருந்து கப்பலில் அனுப்பலாம். ஆனால் இடம் கிடைக்கிற கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். விமானத்தில் அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

கோயம்புத்தூரில் சாமான்களை வாங்கி, ஒரே பெரிய அட்டைப்பெட்டியில் தெர்மகோல் திணித்து, கூடவே ஐஸ் மெஷினுக்கான குளிரூட்டும் கேஸ் சிலிண்டர் ஒன்றும் வைத்து, விடியற்காலையில் கிளம்பினேன். குதிரான் சுரங்கம், திருச்சூர், அங்கமாலி வழியாக நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையக் கார்கோ (சரக்கு) கவுண்டருக்குப் போனபோது மணி ஒன்பது.

சிலிண்டரைப் பார்த்ததுமே கவுண்டரில் இருந்த பெண் தலையசைத்தார். தீப்பிடிக்காத கேஸ்தான் என்றேன். தீப்பிடிக்காவிட்டாலும் அழுத்தத்தில் அடைத்த வாயு ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருமாம், வகை 2.2. அதற்குத் தனி உறுதிமொழி, தனி பேக்கிங், தனி லேபிள் எல்லாம் வேண்டும். சாதாரணப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் எக்ஸ்ரேயில் மாட்டும், சரக்கு மொத்தமும் நின்றுவிடும். எடுத்து வெளியே வைத்துவிட்டேன். நீங்களும் இதில் குறுக்கு வழி தேடாதீர்கள், மேலே பறக்கிறவர்கள் மனிதர்கள்.

அடுத்தது எடை. பெட்டி 60 × 50 × 40 செ.மீ. தராசில் 9 கிலோதான். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 20 வருகிறது. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நான் தெர்மகோலுக்குக் காசு கட்டப் பார்த்திருக்கிறேன்!

அந்தப் பெண் சொன்ன யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. "சேட்டா, அகத்தி ரன்வே சின்னது, 1,200 மீட்டர்தான் இருக்கும். பயணிகளும் அவர்கள் பெட்டிகளும் ஏறிய பிறகு எவ்வளவு எடை மிச்சமோ அவ்வளவுதான் கார்கோ ஏறும். அவசரமானதைத் தனியாகச் சின்னதாகக் கட்டுங்கள். பில்லும் தனியாகப் போடுங்கள்."

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பிரித்துக் கட்டினேன். போர்டும் காண்டாக்டரும் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றரைக் கிலோவில் ஒரு பெட்டி, மோட்டார் ஐந்தரைக் கிலோவில் இன்னொன்று. கடை பில், ஆதார் நகல், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் கொடுத்தேன். எக்ஸ்ரே முடிந்து இரண்டு ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) கைக்கு வந்தது.

ஒரு பில்லின் எண்ணை இக்காவிடம் போனில் படித்தபோது 3-ஐ 8 என்று சொல்லிவிட்டேன். அவர் தேடினால் ஒன்றும் வரவில்லை, பதறிப்போனார். ஏர்வே பில் எண் 11 இலக்கம்: முதல் 3 விமான நிறுவனத்துக்கு உரியவை. அடுத்த 7 இலக்கத்தை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். உதாரணமாக 1234567-ஐ வகுத்தால் மீதி 5, ஆக 12345675. கணக்கு இடித்தால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம். இப்போதெல்லாம் எண் சொல்வதற்கு முன் இதைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் விமானம் நிறைந்திருந்தது. மோட்டார் பெட்டியை இறக்கிவிட்டார்கள். போர்டு பெட்டி மட்டும் ஏறியது. பழையபடி ஒரே பெட்டியாக அனுப்பியிருந்தால் இரண்டுமே கொச்சியில் கிடந்திருக்கும்.

வாங்குகிறவர் அடையாள அட்டையோடு அகத்தி விமான நிலையத்துக்கே வரவேண்டும். வேறு தீவுக்காரர் என்றால் அங்கிருந்து படகுக்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. இக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஊரே அதுதான். ஒயர்களை நான் வீடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் மகன் பூட்டினான். அன்று இரவு பத்தரைக்கு முதல் ஐஸ் விழுந்தது. இரைச்சலோடு பழைய மோட்டாரே மூன்று நாள் ஓடியது, புதியது வந்து சேரும்வரை. சிலிண்டர் கப்பலில் போனது.