முதல் ஒரு மணித்தியாலம்

திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் பிரசவ அறையில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். பிறந்த குழந்தையை ஒரு மணித்தியாலம் தாயின் நெஞ்சிலேயே விட்டுவைக்கும் வழக்கம் எங்களிடம் நிலைபெற்ற விதத்தை இங்கே எழுதுகிறேன்.

குழந்தையைத் துடைத்து, தோலோடு தோல் படத் தாயின் மேல் கிடத்தி, அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே தாய்ப்பாலைத் தொடங்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை அறியாதவர் எங்களில் எவருமில்லை. ஆயினும், குழந்தை அழுததும் தராசுக்குத் தூக்கிச் செல்வதே நடைமுறையாக இருந்தது.

பயிற்சி போதாது என்றே முதலில் பேசப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறையை எழுதாமல் பதிவேட்டின் பக்கத்தை முடிக்க முடியாது, பக்கத்தை முடிக்காமல் அடுத்த தாயிடம் போக முடியாது என்பதே உண்மையான தடை. எனவே பதியும் வரிசையை மாற்றி, நிறையையும், குருதிக்கசிவைத் தடுக்கப் போடும் விற்றமின் கே ஊசியையும் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னே தள்ளினோம்.

மின்விசிறிதான் பெரிய சர்ச்சையாகிவிட்டது. வெயில் காலத்தில் வியர்த்துக் களைத்த தாய்க்குக் காற்று வேண்டும். ஈரத்தோடு பிறக்கும் குழந்தைக்கோ அதே காற்று ஆகாது. பிரசவ வேளையில் மட்டும் விசிறியை நிறுத்தி, தலையை நன்றாகத் துவட்டி, ஈரத்துணியை அகற்றி, காய்ந்த துணியால் முதுகை மூடித் தொப்பி அணிவித்தோம். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 பாகை செல்சியசுக்குக் குறையாததைத் தாமே அளந்து பார்த்த பின்னரே மூத்த தாதியர் இணங்கினார்கள். "மிஸ், பிள்ளை தானாப் பாலைத் தேடுது" என்று ஒரு தாய் வியந்து சொன்னபோது, அவர்களுள் ஒருவர் தராசை மறந்து அருகிலேயே நின்றுவிட்டார்.

வெளியே காத்திருக்கும் உறவினரின் அவசரத்துக்கும் நியாயம் உண்டு. சாதகம் கணிக்கப் பிறந்த நேரம் கேட்பார்கள்; முஸ்லிம் குடும்பங்களில் காதில் பாங்கு சொல்லக் காத்திருப்பார்கள். நேரத்தைத் துண்டில் எழுதி உடனே கொடுத்தோம். பாங்குக்குச் சற்றுப் பொறுக்கும்படி காரணத்தோடு கேட்டபோது பெரும்பாலோர் மறுக்கவில்லை.

சத்திரசிகிச்சைப் பிரசவங்களில் இது இன்னும் முழுமையாக நடைபெறவில்லை. முள்ளந்தண்டில் மயக்கமருந்து ஏற்றப்பட்ட தாய் விழித்தேயிருக்கிறார். குழந்தையை அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே ஓர் ஆள் மிச்சமில்லை. முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சை நாட்களுக்கு மேலதிகமாக ஒரு மருத்துவமாதுவைக் கேட்டு எழுதியிருக்கிறோம்.